வெறுந்தட்டில் ஒரு துடிப்பு

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஹைதராபாத்தில், ஜூலை மாதத்து மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் இது நடந்தது. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற பல்கலைக்கழகத்தில், நானே உருவாக்கிய ஆய்வுக்கூடத்தில், நானே செய்வித்த மேஜையின் முன் அமர்ந்திருந்தபோது நடந்தது. பேய், பிசாசு, சகுனம் ஆகியவற்றை நான் பொருட்படுத்துபவன் அல்லன். அறிவியல் படித்து, அறிவியல் கற்பித்து வாழ்ந்தவன். ஆயினும் அன்று என் உடம்பு சிலிர்த்துப் போனதை மறைத்துவிட்டு இதை எழுதுவதில் பொருளில்லை.

என் துறையைச் சற்று விளக்க வேண்டும். நம் உடம்பின் உயிரணுக்கள் தாம் ஒட்டியிருக்கும் இடத்தை மிக மெல்லிய விசையால் பற்றி இழுக்கின்றன. அந்த விசையை அளப்பதே என் பணி. நுங்கைப் போன்ற ஒரு மென்மையான கூழைக் கண்ணாடித் தட்டில் படியவைத்து, அதனுள் மிக நுண்ணிய ஒளிரும் மணிகளைக் கலந்துவிடுவோம். கூழின்மேல் உயிரணுக்களை வளர்ப்போம். உயிரணு இழுத்தால் கூழ் நெளியும். கூழ் நெளிந்தால் மணிகள் நகரும். இருட்டறையில் நுண்ணோக்கியின் வழியே பார்த்தால் அந்த மணிகள் நிலவில்லாத வானத்து விண்மீன்களைப் போலத் தெரியும். அவை எவ்வளவு நகர்ந்தன என்று கணக்கிட்டால் உயிரணுவின் பலம் தெரிந்துவிடும்.

அந்தப் பிற்பகலுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், இரத்தக் குழாயின் உட்சுவரிலிருந்து எடுத்த உயிரணுக்களை இவ்வாறு பார்த்துக்கொண்டிருந்தபோது, அவை துடிப்பதைக் கண்டேன். இதயத்தின் உயிரணுக்கள் தட்டில் இருந்தாலும் துடிக்கும். அது எல்லோரும் அறிந்தது. குழாய்ச் சுவரின் உயிரணுக்களுக்கோ துடிக்கும் தொழிலே இல்லை. எனினும் மணிகள் மெல்ல விலகி மெல்லக் கூடின, நிமிடத்துக்கு எழுபது முறைக்குக் குறையாமல். உடம்பில் இருந்தபோது தம்மீது ஓயாமல் மோதிய நாடியை, உடம்பை விட்டு வந்த பின்னும் அவை மறக்கவில்லை என்று எழுதினேன். சில வேளைகளில் ஒரு துடிப்பு தவறும்; அடுத்தது சற்று வலுவாக வரும். 'உயிரணு தயங்குகிறது, பிறகு நினைவுகூர்கிறது' என்று அதற்கு ஒரு வாக்கியம் அமைத்தேன். அந்த வாக்கியம் குறித்து எனக்கு மிகுந்த பெருமை. என்னை அயல்நாட்டு மேடைகளில் ஏற்றியதும், என் வீட்டுக் கூடத்தில் ஒரு வெள்ளிப் பட்டயத்தை மாட்டியதும் அந்த ஒரு கட்டுரைதான்.

அந்த ஆய்வைச் செய்த மேஜையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தகைய அளவைக்கு அதிர்வில்லாத மேஜை தேவை. அயல்நாட்டு மேஜை வாங்க அன்று துறைக்கு வசதி இல்லை. மௌலா அலிக் குன்றின் அடிவாரத்தில் கல் செதுக்கும் ஒரு பெரியவரிடம் ஆறடி நீளக் கருங்கல் பலகை ஒன்றைப் பேசி வாங்கினேன். அவர் பெரும்பாலும் கல்லறைக் கற்கள் செய்பவர். கல்லை வண்டியில் ஏற்றுவதற்கு முன் கரித்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நாம் க்யா லிக்னா சாப்?" என்று கேட்டார். யார் பெயரைச் செதுக்குவது என்கிறார். பெயர் எதுவும் வேண்டாம் என்றேன். அவர் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கரித்துண்டைக் கீழே போட்டார். பாலாநகர்ப் பட்டறை ஒன்றில் இரும்புச் சட்டம் அடிக்கச்செய்து, நான்கு ஸ்கூட்டர் ட்யூபுகளில் காற்றடைத்து, அவற்றின்மேல் அந்தக் கல்லை மிதக்கவிட்டேன். வெளியே லாரி போனாலும் கல்லின்மேல் வைத்த தண்ணீர் சலனப்படாது. மேஜைக்கு நேர் எதிரே, 'மேஜையைத் தொடாதே' என்று ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் எழுதி மாட்டினேன். மாணவர்கள் அந்த அறையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள்.

நான் ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள் கழித்து, என் இடத்துக்கு ஓர் ஆய்வுப் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்க விளம்பரம் வந்தது. உயிரணுக்களின் விசையியலில் ஒரே ஒரு பணியிடம். தேர்வு பெறுபவருக்கு என் ஆய்வுக்கூடம் முழுவதும் சேரும். தேர்வுக் குழுவில் பாட வல்லுநராக என்னை அமர்த்தினார்கள். வல்லுநரின் எழுத்துப்பூர்வமான கருத்து இல்லாமல் யாரையும் நியமிக்க முடியாது என்பது விதி. என் பணியைத் தொடர்பவர் ஒருவரிடம் அந்த அறையின் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் இருந்தார். மௌலா அலி ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். பாட்டனார் ஜோலார்ப்பேட்டையிலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்தவர். தந்தையும் அதே பட்டறையில் ஃபிட்டர். இவர் அயல்நாட்டில் ஆறு ஆண்டுகள் ஆய்வு செய்துவிட்டுத் திரும்பியிருந்தார். விண்ணப்பம் எல்லா வகையிலும் சிறப்பாக இருந்தது. ஆனால் ஆய்வுத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'இரத்தக் குழாய் உயிரணுக்கள் துடிப்பதாகச் சொல்லும் முந்தைய முடிவை மீண்டும் சோதித்தல்.' முந்தைய முடிவு என்றால் நான். அந்த வரியைப் படித்த அன்றே இவர் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன் என்பதை இன்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

தேர்வின் ஒரு பகுதியாக அவர் உரையாற்றிய கருத்தரங்கில் அதைப் பற்றித்தான் கேட்டேன். எட்டு மாதம் முயன்றும் அந்தத் துடிப்பைத் தம்மால் காண முடியவில்லை என்று அவர் பணிவாகவே சொன்னார். கருவியில் குறையிருக்காது, கையில்தான் குறையிருக்கும் என்றேன். அரங்கில் சிலர் சிரித்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் பிற்பகல் என் ஆய்வுக்கூடத்தில், என் மேஜையிலேயே அவர் செய்துகாட்ட வேண்டும் என்று குழுவிடம் கேட்டேன். துறைத்தலைவர் என்னிடம் படித்தவர், மறுக்க மாட்டார், மறுக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் உயிரணுக்கள் துடிக்கும், அந்தப் பெண் தலைகுனிவார் என்று எதிர்பார்த்தேன். என்னிடம் படித்த மாணவர்களுக்கே அந்தத் துடிப்பு எளிதில் அகப்பட்டதில்லை. நான் வந்து அமர்ந்தால் மட்டும் தெரியும். சாருடைய கைராசி என்பார்கள். நானும் மறுத்ததில்லை.

மறுநாள் மூன்று மணி. அறையின் சன்னல்களில் எப்போதும் போலக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. குளிர்சாதனத்தின் ஓசையும் வெளியே மழையின் ஓசையும் ஒன்றாகக் கேட்டன. உள்ளே நாங்கள் நால்வர்: குழுவின் சார்பில் துறைத்தலைவர், அந்தப் பெண், நான், என் காலத்திலிருந்து அங்கேயே இருக்கும் ஆய்வுக்கூட உதவியாளர். உதவியாளர் தெலுங்கர், என்னோடு பழகித் தமிழ் கற்றுக்கொண்டவர். ஓய்வுக்கு ஓராண்டு இருந்தது அவருக்கு. அந்தப் பெண் தட்டை நுண்ணோக்கியில் பொருத்திவிட்டு, அதுவரை ஆங்கிலத்திலேயே பேசிவந்தவர், முதன்முறையாகத் தமிழில் பேசினார்.

"சார், நீங்களே ஒக்காந்து பாருங்க. உங்களுக்குத் தெரியறது எங்க யாருக்கும் தெரியாது."

மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். வழக்கமான நாற்காலியில் அமர்ந்து, இடது முழங்கையைக் கல்லின் விளிம்பில் ஊன்றி, வலது கையால் குவியத்தைச் சரிசெய்தேன். விளக்குகளை அணைத்தார்கள். கரிய வெளியில் விண்மீன்கள் தோன்றின. தோன்றியவுடனேயே, மெல்ல விலகின, மெல்லக் கூடின. அருகிலிருந்த கணினித் திரையில் அந்த அசைவு ஒரு கோடாக ஏறி இறங்கிச் சென்றது. துறைத்தலைவர் மூச்சை உள்ளிழுத்த ஒலி எனக்குக் கேட்டது. எட்டு மாதத்தில் காணாததை எட்டு நொடியில் கண்டாயிற்றா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"தெரியுது சார்," என்றார். "ஆனா தட்டுல செல்லே இல்ல."

அவர் சொன்னது உடனே விளங்கவில்லை. சாதாரண விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கூழ் மட்டும், கழுவிவிட்ட தரையைப் போல, ஓர் உயிரணுகூட இல்லாமல் இருந்தது. மீண்டும் அணைத்தேன். விண்மீன்கள் விலகின, கூடின, விலகின. ஆளில்லாத வீட்டில் ஊஞ்சல் தானே ஆடுவதைக் கண்டவனைப் போல உணர்ந்தேன். இழுப்பதற்கு எவரும் இல்லாத இடத்தில் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது.

பிறகு அது நின்றது. என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஒரு படி கீழே இறங்கியதைப் போலிருந்தது. பார்வையின் ஓரங்கள் மங்கின. திரையில் கோடு தட்டையாக நீண்டது. பின்னர் விண்மீன்கள் ஒரு குலுக்கலோடு மீண்டும் அசையத் தொடங்கின.

அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் வந்து, தாழ்ந்த குரலில், "கைய எடுங்க சார்," என்றார்.

எந்தக் கை என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. கல்லிலிருந்து முழங்கையை எடுத்தேன். விண்மீன்கள் அப்படியே உறைந்து நின்றன. வைத்தேன், அசைந்தன. எடுத்தேன், நின்றன. மூன்று முறை செய்தேன். உதவியாளர் சுவரில் இருந்த மும்மொழிப் பலகையைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

காற்றில் மிதக்கும் கல் வெளியுலகத்தின் அதிர்வை உள்ளே விடாது. தன்மீது ஊன்றியவனின் நாடியையோ அப்படியே ஏந்திக்கொள்ளும். கல் இம்மியளவு அசைய, நுங்கு போன்ற கூழ் அதைப் பெருக்கிக் காட்டும். கட்டுரையோடு வெளியான என் பழைய காணொளிகளையும் அந்தப் பெண் அந்த எட்டு மாதத்தில் ஆராய்ந்திருக்கிறார். ஒரே நாளில் எடுத்த எல்லாத் தட்டுகளிலும் ஒரே வேகம், வேறொரு நாளில் வேறு வேகம் என்பதைக் கண்டு, இது மனிதர் ஒருவருடைய நாடியாக இருக்கலாமோ என்று ஐயப்பட்டிருக்கிறார். அன்று காலை அறையைத் தயார்செய்ய வந்தபோது கல்லின் விளிம்பில் ஓரிடம் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்து மினுங்கியதைப் பார்த்திருக்கிறார். சரியாக ஒரு முழங்கை அகலம். இவ்வளவையும் அவர் துறைத்தலைவரிடம் ஆங்கிலத்தில் அமைதியாக விளக்கினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்வதைவிட, எனக்குக் கேட்டது என்பதே பொருந்தும்.

வெறுந்தட்டை வைத்துச் சோதிக்கும் வழக்கம் எங்கள் கூடத்தில் இல்லாமலில்லை. வாரந்தோறும் சோதித்தோம். ஆனால் வெறுந்தட்டைப் பார்ப்பது மாணவர் வேலை. உயிரணு உள்ள தட்டைப் பார்ப்பது என் வேலை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர்கள் பார்த்த வெறுந்தட்டு எப்போதும் அசையாமல் இருந்தது. முழங்கையை ஊன்றி நான் பார்த்த தட்டு எப்போதும் துடித்தது. இருபது ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் வெறுந்தட்டின் முன் அமர்ந்ததில்லை.

துறைத்தலைவர் ஏதோ காரணம் சொல்லிக்கொண்டு வெளியேறியதும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பேப்பர் விஷயம் இப்ப நக்கோ சார், அத விடுங்க. கோடு நின்ன இந்த கேப்பப் பாருங்க. மூணு செகண்டு. எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் நின்னு நின்னு வந்துச்சு. வர்க்ஷாப்புல நின்னவாக்குல விழுந்தாரு. நீங்க இன்னிக்கே டாக்டரப் பாருங்க."

என் உடம்பைக் காட்டி அச்சுறுத்தி வேலை வாங்கப் பார்க்கிறாயா என்று கேட்டேன். இன்று எண்ணினாலும் கூசும் சொல் அது. அவர் முகம் சிவந்தது; குரல் உயரவில்லை.

"வேலைக்குன்னா கைக்கு சார், ஏன் சார் இதச் சொல்லப்போறேன்? உங்க ரூம்லயே உங்க தப்பக் காட்டினவளுக்கா நீங்க வேலை குடுப்பீங்க?"

நான் வெளியே வந்துவிட்டேன். துறை அலுவலகத்தில் அமர்ந்து கருத்துப் படிவத்தை நிரப்பினேன்: குழுவைத் திசைதிருப்பும் உத்தியைக் கையாண்டார், பொறுப்பான பதவிக்குத் தகுதியற்றவர். கையொப்பமிட்டு, உறையிலிட்டு ஒட்டி, கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் பதினொரு மணிக்குக் குழு கூடும்போது கொடுக்க வேண்டும்.

குகட்பள்ளியில் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மனைவி, முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று கேட்டார். மழையில் நனைந்தேன் என்றேன். மாடிப்படி ஏறும்போது தலைசுற்றுகிறது என்று சில வாரங்களாக அவரிடமும் சொல்லாமல் இருந்தேன். கூடத்துச் சுவரில் வெள்ளிப் பட்டயத்தைப் பார்க்காமல் அதைக் கடந்து போனேன். அன்று தூக்கம் வரவில்லை. எந்தப் பக்கம் புரண்டாலும் தலையணைக்குள் அந்த நாடி கேட்டது.

காலை ஏழரை மணிக்கெல்லாம் ஆய்வுக்கூடத்தைத் திறந்து உள்ளே போனேன். அந்தப் பெண் மேஜைக்கடியில் ஏதேனும் மோட்டாரைப் பொருத்தியிருப்பார் என்று நம்ப விரும்பினேன். மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். நான்கு ட்யூபுகளும் தூசியும் தவிர எதுவும் இல்லை. பிறகு, ஏன் என்று தெரியாமலே, பழைய ஆய்வேடுகள் இருந்த அலமாரியைத் திறந்தேன். என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, துடிப்பைக் காட்ட முடியாமல், இரண்டாம் ஆண்டில் விலகிப்போன மாணவர் ஒருவரின் ஏடு கையில் அகப்பட்டது. நான்கு மாதம் நாள்தோறும் ஒரே குறிப்பு: துடிப்பு இல்லை. ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் என் கையெழுத்து: கவனக்குறைவு. ஒரு பக்கத்தில் மட்டும் அவர் மூன்று வரி எழுதியிருந்தார். சார் வந்து அமர்ந்தார். துடித்தது. சார் எழுந்து போனார், நின்றுவிட்டது. அதன் கீழே நான் எழுதியிருந்தது: கையைப் பழக்கு.

உண்மை முழுவதும் மூன்று வரிகளில் அந்த அலமாரிக்குள் இத்தனை ஆண்டுகள் கிடந்திருக்கிறது. அதற்கு மதிப்பெண் போட்டவனே நான்தான்.

ஒரு புதிய வெறுந்தட்டை எடுத்து நானே பொருத்தினேன். கதவைச் சாத்தி விளக்கை அணைத்தேன். முழங்கையை, கறுத்து மினுங்கிய அந்த இடத்தில் வைத்தேன். விண்மீன்கள் விலகின, கூடின. நெடுநேரம் பார்த்தேன். அரங்கு அரங்காக நான் கொண்டுசென்று காட்டிய துடிப்பு அது. தயங்கி நினைவுகூர்ந்த உயிரணு எதுவும் அதில் இல்லை. தயங்கியது என் இதயம். இருபது ஆண்டுகளுக்கு முன்பே அது எப்போதாவது தவறியிருக்கிறது. நான் அதற்கு அழகான வாக்கியம் அமைத்திருக்கிறேன்.

விண்மீன்கள் நின்றன. அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தேன். ஒன்று, இரண்டு என்று வழக்கப்படி எண்ணினேன். மூன்று. நான்கு. என் இதயம் எப்போது துடிக்கும் என்று வெளியில் அமர்ந்து ஒரு பார்வையாளனாகக் காத்திருந்த அந்த நொடிகளின் அமைதியை விவரிக்க எனக்குச் சொல் இல்லை. ஐந்து எண்ணியது நினைவிருக்கிறது. ஆறு எண்ணவில்லை.

கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். கதவு திறந்திருந்தது. உதவியாளர் என் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்க வேண்டாம் என்று தெலுங்கில் மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கமாக ஒன்பதரைக்கு வருபவர் அன்று எட்டு மணிக்கே வந்திருக்கிறார். முந்தின நாள் மாலை அந்தப் பெண் அவரிடம், சார் எப்படியும் காலையில் தனியாக வந்து பார்ப்பார், நீங்கள் சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். நான் அந்தப் பெண்ணை அறிந்திருந்ததைவிட அவர் என்னை நன்றாக அறிந்திருந்தார்.

ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தபோது, கை வைத்தால்தான் ஆடும் என்று உனக்கு முன்பே தெரியுமா என்று உதவியாளரிடம் கேட்டேன்.

"தெரியும் சார். பசங்களுக்கும் தெரியும். சார் வரலன்னா செல்லுக்கும் லீவுன்னு சிரிப்பாங்க. அந்த போர்டு மாட்டினதே நீங்கதானே. உங்ககிட்ட வந்து கைய எடுங்கன்னு யாரு சொல்றது?"

மருத்துவமனையில் இதயத்தின் மின்னோட்டம் இடையிடையே அறுந்துபோகிறது என்றார்கள். அன்றைக்கே ஒரு கருவி பொருத்த வேண்டும், இன்னும் சில நாள் போயிருந்தால் உறுதி சொல்லியிருக்க முடியாது என்றார் மருத்துவர். பதினொன்றரை மணிக்குத் துறைத்தலைவர் வந்தார். குழு காத்திருக்கிறது, என் கருத்து இன்று கிடைக்காவிட்டால் தேர்வு ரத்தாகும், மறுபடி விளம்பரம் செய்ய வேண்டும், அதற்கு எத்தனை ஆண்டாகுமோ தெரியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அறையில் நடந்ததைத் தாம் யாரிடமும் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

என் கோட்டை மனைவி மடித்துக் கையில் வைத்திருந்தார். உறை அதன் உட்பையில் இருந்தது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கண்களை மூடிக்கொண்டால் போதும். நோயாளியின் மௌனத்தை யார் குறை சொல்வார்கள்? பட்டயம் சுவரிலேயே இருக்கும். கட்டுரை கட்டுரையாகவே இருக்கும். அந்தப் பெண் வேறெங்காவது வேலை தேடிக்கொள்வார். இந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது, சில நிமிடங்கள் என்னோடு இருந்தது. தலைமாட்டில் இருந்த திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். அது திடீரென்று தட்டையானது. செவிலியர் ஓடி வந்தார். கோடு மீண்டும் எழுந்தது.

மனைவியிடம் உறையை எடுத்துத் தரச்சொல்லிக் கிழித்தேன். துறைத்தலைவரிடம் புதிய படிவம் கேட்டேன். ஊசி குத்தியிருந்த கையால் எழுதியதால் எழுத்து கோணலாக இருந்தது. இப்பணிக்கு இவரைவிடத் தகுதியானவர் இல்லை. நான் இருபது ஆண்டுகளாக என் மேஜையில் காணத் தவறிய பிழையை இவர் கண்டார். என் கட்டுரையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவ்வளவுதான். துறைத்தலைவர் இரண்டு முறை படித்துவிட்டு, "சார், இத அப்படியே மினிட்ஸ்ல ஏத்தவா?" என்று கேட்டார். ஏற்று என்றேன். மனைவி கிழிந்த தாள்களைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அழைப்புகள் நின்றன. நெடுநாள் நண்பர் ஒருவர் என்னைக் கண்டதும் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வதை இருமுறை பார்த்தேன். கூடத்துச் சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. அந்த ஏட்டின் சொந்தக்காரரான மாணவருக்கு, அவர் எழுதிய மூன்று வரிகளே சரி, நான் எழுதிய சிவப்பு வரிகள் அனைத்தும் தவறு என்று விரிவாக ஒரு கடிதம் எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை. எழுத வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

அந்தப் பெண் பணியில் சேர்ந்து ஆறு மாதம் கழித்து என்னை அழைத்தார். கருங்கல்லை மாற்றவில்லை, அதைவிட நல்ல மேஜை கிடையாது என்றார். நாற்காலியை மட்டும் ஓரடி தள்ளித் தரையில் பொருத்தியிருந்தார். யாருடைய கையும் கல்லுக்கு எட்டாது. என்னை நின்றபடியே முழங்கையை ஊன்றச் சொன்னார். வெறுந்தட்டில் விண்மீன்கள் விலகின, கூடின. எந்தத் தயக்கமும் இல்லாமல், கடிகாரம் போல.

"ஹவ் சார், ஆமா, இப்ப பர்ஃபெக்ட்டா இருக்கு," என்று சிரித்தார். "நல்லவேள, அப்பவே பேஸ்மேக்கர் இருந்திருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்."

நானும் சிரித்தேன். எனினும் அந்த இருட்டில், அவ்வளவு ஒழுங்காக அசைந்த ஒளிப்புள்ளிகளைப் பார்த்தபோது, அதில் நான் எவ்வளவு, நெஞ்சிலிருக்கும் கருவி எவ்வளவு என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. கல்லின் விளிம்பில் அந்தக் கறுத்த இடம் இன்னும் அழியாமல் இருந்தது. மௌலா அலியில் அந்தப் பெரியவர் கேட்டபோது பெயர் வேண்டாம் என்றேன். பிறகு இருபது ஆண்டுகள் அமர்ந்து என் பெயரை நானே அதில் எழுதியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் எதைப் பற்றியாவது இதுதான் உண்மை என்று உறுதியாகச் சொல்ல வாயெடுக்கும்போது, ஒரு கணம் நிறுத்தி, என் முழங்கை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.